சென்னையின் கட்டடக் கலைஞர் சிஷோம்



மண்டைதீவிலிருந்து யாழ்ப்பாணப் பட்டினத்துக்குச் செல்லும் எங்களூரவர் பண்ணைத் தாம்போதியைக் கடந்ததும் இரண்டு கட்டடங்களை அடுத்தடுத்துக் காண்பர். முதலாவது, கடலோரத்தில் ஐந்து மூலைகளை நீட்டிக்கொண்டு கிடக்கும் பழைய கோட்டை. போர்த்துக்கேயர் தொடங்கிய அதனை, 1658ஆம் ஆண்டில் பட்டினத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தங்கள் முறைப்படி மாற்றிக் கட்டினர். இரண்டாவது, வெண்ணிறச் சுவரும் குவிமாடமுமாக நிற்கும் யாழ்ப்பாணப் பொது நூல் நிலையம்.

கோட்டையின் கல் எங்கள் கடலிலே பிறந்த முருகைக்கல். அதனைச் சுமந்தவரும் அடுக்கியவரும் நம்மவராகவே இருந்திருப்பர். ஆயினும் அதன் வடிவம் கடல் கடந்து வந்தது. நூல் நிலையத்தைப் பார்க்கும்போதோ, இஃது எங்களுக்குரியது என்னும் எண்ணம் பிறர் சொல்லாமலே மனத்தில் எழுகின்றது. 1954ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்று 1959ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அந்நூல் நிலையத்தை வரைந்தவர் சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன். புதிய பயனுக்கு உரிய ஒரு கட்டடத்தை இந்நாட்டுக் கலை மரபின் உறுப்புகளைக் கொண்டு அமைக்கும் முறை சென்னையிலே அவருக்கு முன்னரே வேரூன்றியிருந்தது. அம்முறையை அங்கு ஊன்றியவர்களுள் முதன்மையானவர் ஓர் ஆங்கிலேயர். றொபேட் பெல்லோஸ் சிஷோம் என்பது அவர் பெயர். அவரது வாழ்க்கையையும் அவர் எழுப்பிய கட்டடங்களையும் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

சிஷோம் 1840ஆம் ஆண்டு பிறந்தவர். இளமையிலேயே இந்தியாவுக்கு வந்து வங்காளத்திற் பணிபுரிந்தார். 1864ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கம் ஓர் அறிவித்தலை வெளியிட்டது. மாநிலக் கல்லூரிக்கும் பல்கலைக்கழக மண்டபத்துக்கும் பொருத்தமான வரைபடங்களை அனுப்புவோருள் சிறந்தவருக்கு 3,000 ரூபாய் பரிசு என்பதே அவ்வறிவித்தல். அப்போட்டியிலே சிஷோம் வென்றார். 1865ஆம் ஆண்டளவில் சென்னைக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 25. பின்னர் அரசாங்கத்தின் ஆலோசனைக் கட்டடக் கலைஞராக உயர்ந்தார். அடுத்த 20 ஆண்டுகளில் சென்னை நகரின் முகத்தை அவர் மாற்றியமைத்தார் என்று சொல்வது மிகையாகாது.

அவருடைய முதற் பெருங்கட்டடம் மெரீனாக் கடற்கரையை நோக்கி நிற்கும் மாநிலக் கல்லூரி. 1867இல் வேலை தொடங்கி, 1870இல் எடின்பரோ கோமகனாற் கட்டடம் திறந்து வைக்கப்பட்டது. தமிழ் உலகம் இக்கட்டடத்துக்குக் கடமைப்பட்டிருக்கின்றது. ஏட்டுச் சுவடிகளிலே மறைந்து கிடந்த சங்க நூல்களை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் 1903ஆம் ஆண்டு முதல் 1919ஆம் ஆண்டு வரை இங்கேயே தமிழாசிரியராக இருந்தார். நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானிகளான சி. வி. இராமனும் சுப்பிரமணியன் சந்திரசேகரும் இக்கல்லூரியிலே கற்றவர்கள். எனினும் கட்டடக் கலையை மட்டும் எடுத்து நோக்கினால், இக்கல்லூரி பெரும்பாலும் இத்தாலிய முறையைத் தழுவியதென்றே கூறவேண்டும். சிஷோம் அப்பொழுது ஐரோப்பாவிற் கற்ற பாடத்தையே ஒப்புவித்துக்கொண்டிருந்தார்.

அவரை மாற்றியது அயலிலே நின்ற ஒரு மாளிகை. மாநிலக் கல்லூரிக்கு வடக்கே, சிறு தொலைவிற் சேப்பாக்கம் அரண்மனை இருக்கின்றது. ஆர்க்காட்டு நவாப் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் கட்டுவித்தது அது. கடைசி நவாப் 1855ஆம் ஆண்டில் வாரிசின்றி இறந்தபின் ஆங்கில அரசாங்கம் அதனைத் தன்வசமாக்கி அலுவலகங்களை வைத்தது. அதனைப் புதிய தேவைகளுக்கேற்ப விரிவாக்கும் பொறுப்புச் சிஷோமிடம் வந்தது. பழைய மாளிகையின் வளைவுகளையும் தூபிகளையும் நாள்தோறும் பார்த்து, அவற்றோடு ஒத்திசையுமாறு ஒரு கோபுரத்தையும் புதிய அலுவலகப் பகுதிகளையும் அவர் அமைக்க வேண்டியிருந்தது. பழையதன் அருகே புதியதைக் கட்டுபவன் முதலிற் பழையதைக் கற்றாக வேண்டும். சிஷோம் அதனைக் கற்றார்.

அக்காலத்திற் சென்னை ஆளுநராயிருந்தவர் நேப்பியர் பிரபு. 1866ஆம் ஆண்டு முதல் 1872ஆம் ஆண்டு வரை ஆட்சி புரிந்த அவர், இந்தியாவிற் கட்டப்படும் அரசாங்கக் கட்டடங்கள் ஐரோப்பிய வடிவங்களின் நகலாக இருக்கவேண்டியதில்லை என்றும், இந்நாட்டு வெயிலுக்கும் ஒளிக்கும் இசைந்த இசுலாமிய முறையைத் தழுவலாம் என்றும் 1870ஆம் ஆண்டளவில் ஒரு சொற்பொழிவிலே வற்புறுத்தினார். மதுரைத் திருமலை நாயக்கர் மகால் பாழடைந்து கிடந்ததைக் கண்டு அதனைப் புதுப்பிக்க ஏற்பாடு செய்தவரும் அவரே. அப்பணியிலும் சிஷோம் ஈடுபட்டார். மகாலின் பருத்த தூண்களையும், அவற்றின்மேல் எழும் வளைவுகளையும், சுதையாலான வேலைப்பாடுகளையும் அளந்து ஆராய்ந்து, பின்னர் இலண்டனிலே கட்டடக் கலைஞர் கழகத்துக்கு அவற்றை எடுத்துரைத்தார்.

இப்பயிற்சியின் கனியே பல்கலைக்கழக மண்டபம். 'செனட் ஹவுஸ்' என்று சென்னையர் கூறுவது இதுதான். 1874ஆம் ஆண்டு தொடங்கி 1879ஆம் ஆண்டில் நிறைவுற்றது. நான்கு மூலைகளிலும் குவிமாடம் தரித்த கோபுரங்கள், வாயில்களிலே செதுக்கு வேலை நிறைந்த கற்றூண்கள், உள்ளே வண்ணந் தீட்டிய சுவர்கள், நிறக் கண்ணாடிச் சாளரங்கள் என விளங்கும் இம்மண்டபம், சேப்பாக்கம் அரண்மனைக்கு வடக்கே நிற்கின்றது.

இம்மண்டபத்தைப் பற்றிப் பேசும் யாழ்ப்பாணத்தவன் ஒரு செய்தியைச் சொல்லாமற் செல்ல முடியாது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அதன் முதலாவது பி. ஏ. பரீட்சையில் தேறிய பெருமை கறோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை என்னும் இரண்டு யாழ்ப்பாணத்தவர்க்கு உரியது. தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்த அதே தாமோதரம்பிள்ளைதான். அவர்கள் பட்டம் பெற்ற காலத்திற் பல்கலைக்கழகத்துக்கு இம்மண்டபம் இல்லை. நம்மவர் முன்னே சென்றனர். மண்டபம் பின்னே வந்தது.

இக்கட்டட முறைக்கு 'இந்தோ-சரசனிக்' என்று பெயரிட்டனர். இசுலாமியரைச் 'சரசனியர்' என ஐரோப்பியர் பழங்காலத்தில் அழைத்தமையால் வந்த பெயர் இது. குவிமாடம், கூர்நுனி வளைவு, சிறு மண்டபம் போன்ற கூரை முடிகள், வெயிலையும் மழையையும் தடுக்கும் அகன்ற இறவாரம், ஆழ்ந்த தாழ்வாரம் ஆகியன இதன் வெளி உறுப்புகள். உள்ளேயிருக்கும் அறை அமைப்பும் படிக்கட்டும் அலுவலக ஒழுங்கும் பெரும்பாலும் ஐரோப்பிய முறையின.

ஆனால் சிஷோம் ஒரே அச்சில் எல்லாவற்றையும் வார்த்தவர் அல்லர். சென்ற இடத்தின் மரபை எடுத்துக்கொள்வது அவர் வழக்கம். இதற்குத் திருவனந்தபுரத்து நேப்பியர் அருங்காட்சியகம் சிறந்த சான்று. 1880ஆம் ஆண்டில் நிறைவுற்ற அக்கட்டடத்திலே மொகலாயக் குவிமாடத்தைக் காண்பது அரிது. அதற்குப் பதிலாகச் செங்குத்தாக எழுந்து இறங்கும் மலையாளத்துக் கூரை, முகட்டின் முகப்பிலே நுணுக்கமான மரவேலை, பல நிறச் செங்கல் வரிசை ஆகியன காணப்படுகின்றன. வெப்பக் காற்று மேலே எழும் இயல்புடையது. உயர்ந்த முகட்டிலே அதற்கு வழி விட்டால் அது வெளியேற, கீழேயுள்ள திறப்புகளின் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். மின்விசிறி இல்லாத காலத்திலே அக்கட்டடம் தானாகவே குளிர்ந்திருந்ததன் இரகசியம் இவ்வளவுதான். எங்கள் யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டின் நடுமுற்றமும் இதே காரணத்தால்தான் அமைந்தது.

திருவிதாங்கூரிற் கற்ற அந்தக் கூரை வடிவத்தைச் சிஷோம் சென்னைக்கும் கொண்டுவந்தார். கோட்டைக்கு வடக்கேயுள்ள கடற்கரை வீதியில் 1884ஆம் ஆண்டிற் செயற்படத் தொடங்கிய தலைமைத் தபாலகத்தின் கோபுரங்களுக்கு மலையாளத்துக் கூரையையே முடியாகச் சூட்டினார். 1880களின் இறுதியிலே எழுந்த விக்டோரியா பொது மண்டபத்தின் கோபுரத்திலும் அதே முடி உண்டு. நகர மண்டபமாக விளங்கிய இவ்விடத்திலேதான் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை பல்லாண்டுகள் நாடகங்களை அரங்கேற்றியது. 1897ஆம் ஆண்டு பெப்ரவரியில் விவேகானந்த சுவாமிகள் சொற்பொழிவாற்றிய மண்டபமும் இதுவே. அதற்கு இரண்டொரு வாரங்களுக்கு முன்னர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலே பேசிவிட்டு, இங்கிருந்தே கடல் வழியாகப் பாம்பனுக்குச் சென்றார் என்பதை நேயர்கள் அறிவீர்கள்.

இன்னும் பல உண்டு. ஆர்க்காட்டு இளவரசரின் இல்லமான அமீர் மகால் அவர் கையாற் புத்துருப் பெற்றது. உதகமண்டலத்து நீலகிரி நூல் நிலையமும், அதன் அருகே லவ்டேலில் உள்ள லோறன்ஸ் பள்ளியும், அண்ணாசாலையிலுள்ள பி. ஓர் கடிகாரக் கடையின் கட்டடமும், சென்னை மத்திய புகையிரத நிலையத்தில் வேறொருவர் தொடங்கிய கட்டடத்துக்குப் பின்னர் சேர்த்த பகுதிகளும் அவருடையன. கடலுக்கு அப்பால் இரங்கூனிலே பரிசுத்த திரித்துவப் பேராலயத்தின் வரைபடமும் அவர் வரைந்ததே.

1880களின் பிற்பகுதியிற் சென்னை அரசாங்க சேவையை விட்டு அவர் பரோடா மன்னரிடம் சென்றார். அங்கே இலட்சுமி விலாச அரண்மனையை வரைந்து தொடங்கிய மேஜர் மான்ற் 1881ஆம் ஆண்டில் இறந்துவிட்டார். தமது கணக்குப் பிழைத்துப்போய் அரண்மனை இடிந்து விழும் என்னும் அச்சம் அவரை வாட்டியதென்று கூறுவர். சிஷோம் அவ்வேலையைப் பொறுப்பேற்று 1890ஆம் ஆண்டில் நிறைவேற்றினார். அரண்மனை இன்றும் நிற்கின்றது. பரோடாக் கல்லூரிக்கு அவர் எழுப்பிய பெருங் குவிமாடமும் அவ்வூரின் அடையாளமாக விளங்குகின்றது. சென்னையிலே அவருக்குப் பின் வந்த ஹென்றி இர்வின் உயர்நீதிமன்றம் முதலான கட்டடங்களில் அதே மரபைத் தொடர்ந்தார்.

நேயர்களே, இத்தனை கட்டடங்களின் பட்டியலைக் காட்டிலும் நான் பெரிதாக மதிப்பது சிஷோமின் ஒரு கொள்கையை. 1883ஆம் ஆண்டளவில், பரோடாக் கல்லூரியைப் பற்றியும் இந்தியக் குவிமாட வேலையைப் பற்றியும் இலண்டனிலே அவர் ஒரு கட்டுரை படித்தார். ஒரு கட்டடத்திலே கடைசியாகத் தன் கைச்சுவட்டைப் பதிப்பவன் வேலையாள். அவனுக்குப் பழக்கமில்லாத ஒரு கலை மொழியைப் பேசுமாறு அவனை வற்புறுத்துவது நியாயமன்று. அவன் கைக்கு எந்த மொழி வருமோ அந்த மொழியிலேயே கட்டடக் கலைஞனும் சிந்திக்க வேண்டும். இதுவே அக்கட்டுரையில் அவர் வாதித்ததன் சாரம்.

அந்த மொழி எத்தகையது என்பதற்கு இரண்டு உதாரணங்கள் தருகின்றேன். குவிமாடம் கட்டும் கைத்தேர்ந்தவன் செங்கற்களை வளையம் வளையமாக அடுக்கிச் செல்வான். ஒரு வளையம் முற்றுப்பெற்றவுடன் அதன் கற்கள் ஒன்றையொன்று நெருக்கித் தாமே நிற்கும். ஆதலின் உள்ளே பெரிய மரச்சாரத்தை நிரப்ப வேண்டிய தேவை குறைகின்றது. மற்றையது சென்னைச் சுண்ணாம்புப் பூச்சு. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, நுண்மணல் சேர்த்து அரைத்து, கடுக்காய்நீர், வெல்லம், தயிர், முட்டை வெண்கரு ஆகியவற்றைக் கலந்து, பல படையாகப் பூசிக் கல்லால் தேய்த்து மெருகேற்றினால், சுவர் சலவைக்கல்லைப் போல முகம் காட்டும். எந்தப் பொருளை எவ்வளவு சேர்ப்பது, எப்பொழுது தேய்ப்பது என்பதைப் புத்தகம் அறியாது, கை அறியும். சுண்ணாம்புச் சூளையின் புகையைக் கண்டு வளர்ந்த எங்கள் தீவகத்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

1877ஆம் ஆண்டிற் சென்னை ஓவியப் பள்ளியின் பொறுப்பைச் சிஷோம் ஏற்றார். 1850ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹன்ரர் என்னும் வைத்தியர் தொடங்கிய பள்ளி அது. மாணவர்க்கு மேனாட்டுச் சித்திரத்தின் நகல் எடுப்பதோடு அமையாது, இந்நாட்டுக் கைவினைகளுக்கும் அங்கே சிஷோம் இடமளித்தார். தாம் நம்பியதைத் தாம் நடத்திய பள்ளியிலும் செய்து காட்டினார் என்பதே அதன் பொருள்.

அதே காலத்தில் எங்கள் கொழும்பிலே என்ன நடந்தது என்று ஒப்பு நோக்குவதும் பயன் தரும். இலங்கை அரசாங்கத்தின் கட்டடக் கலைஞராயிருந்த ஜேம்ஸ் சிமிதர் கொழும்பு நூதனசாலையை வரைந்தார். 1877ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த வெண்ணிற மாளிகை அழகிற் குறைந்ததன்று. ஆனால் அது முழுவதும் இத்தாலிய முறை. அதனைக் கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரிக்கார் என்னும் முஸ்லிம் ஒப்பந்தகாரர். நூதனசாலையைத் திறந்த ஆளுநர் கிறகரி, உமக்கு என்ன பரிசு வேண்டும் எனக் கேட்க, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைத்தாற் போதும் என்று அவர் வேண்டிக்கொண்டதாகக் கதை வழங்குகின்றது. அந்தக் கட்டடத்திலே அவர் வரையக் கூடியது ஒரு கோடுமில்லை. எனவே ஒரு நாளையாவது தமதாக்கிக்கொண்டார் போலும்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல விரும்புகின்றேன். பல ஆண்டுகளுக்கு முன் தீவகத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலே நான் பொறுப்பாயிருந்தபோது, புதிய வகுப்பறை மண்டபம் ஒன்று கிடைத்தது. வரைபடம் எங்கோ தொலைவிலே தயாரிக்கப்பட்டு வந்தது. அரைச்சுவர் வைத்துத் திறந்துவிட்ட நீண்ட பக்கம் தென்மேற்கை நோக்கியிருந்தது. அத்திவாரம் வெட்டும்போதே முதிய மேசன் ஒருவர் என்னிடம் வந்தார்.

"ஐயா, இந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டால் சோளகம் பிள்ளையளை இருக்க விடாது. மண்டபத்தை மற்றப் பக்கம் திருப்பி வையுங்கோ" என்றார்.

"வரைபடத்தை மாற்ற எனக்கு அதிகாரமில்லை, அண்ணை" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். அது பொய்யன்று. ஆனால் அதிகாரமுள்ளவர்களுக்கு ஒரு கடிதம் எழுதும் அதிகாரம் எனக்கு இருந்தது. நான் எழுதவில்லை.

வைகாசி பிறந்ததும் சோளகம் எழுந்தது. கரும்பலகையில் எழுதிய எழுத்தின்மேல் மணல் படிந்தது. கொப்பித் தாள்கள் பறந்தன. பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, வாங்குகளைத் தூக்கிச் சென்று மண்டபத்தின் பின்புறத்து வேப்பமர நிழலிலே இருந்து படித்தார்கள். புதிய மண்டபம் வெறுமையாயிருக்க, அதன் முதுகுப்புறத்திலே பள்ளிக்கூடம் நடந்தது. பின்னர் கிடுகு கட்டி மறைத்தோம். அக்கிடுகைக் கட்ட வந்தவர்களுள் அந்த மேசனும் ஒருவர். அவர் என்னைக் குறை கூறவில்லை. ஒரு சொல்லும் பேசவில்லை. அந்த மௌனம் இன்றும் எனக்கு நினைவிருக்கின்றது. சிஷோமின் வாதத்தைப் பின்னர் படித்தபோது, அது கலைக்கு மட்டும் உரிய வாதமன்று என்பதை உடனே உணர்ந்தேன். காற்றை அறிந்தவனுடைய சொல்லுக்கும் வரைபடத்திலே ஓரிடம் வேண்டும்.

இவ்வாறு கூறுவதால், சிஷோமைக் குறையற்றவர் என்று நான் சொல்வதாகக் கொள்ளற்க. அவர் ஒரு பேரரசின் உத்தியோகத்தர். மொகலாயரின் வடிவங்களைத் தாங்கள் எடுத்தாண்டால், மொகலாயருக்குப் பின் இந்நாட்டை ஆளும் உரிமையும் தங்களுடையதே என்று காட்டலாம் என்னும் எண்ணம் ஆட்சியாளரிடம் இருந்தது. கோபுரங்களும் ஆயிரங்கால் மண்டபங்களும் நிறைந்த தமிழ்நாட்டுக்கு வடநாட்டுக் குவிமாடம் எவ்வளவு உரியது என்று கேட்பவரும் உளர். அக்கேள்வி நியாயமானதே. அதற்கும் மேலாக, வேலையாளின் கையைப் போற்றிப் பேசிய சிஷோமின் பெயர் நிலைத்தது. அந்தக் கைகளுக்கு உரியவர்களின் பெயர்கள் நிலைக்கவில்லை. விக்டோரியா மண்டபத்தையும் வேறு பல செங்கற் கட்டடங்களையும் கட்டிய ஒப்பந்தகாரர் நம்பெருமாள் செட்டியாரின் பெயரை வரலாறு அறியும். அவரிடம் நாட்கூலி பெற்றுக் கல் சுமந்த பெண்ணின் பெயரை யார் அறிவார்?

எனினும், தம் மொழியை மற்றவர்மேற் சுமத்தும் அதிகாரம் பெற்ற ஒருவர், மற்றவருடைய மொழியைக் கற்க முன்வந்தார் என்பது சிறிய செயலன்று. புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனுக்குத் திரும்பிய சிஷோம், அங்கே ஒரு கிறித்தவ வழிபாட்டிடத்தைக் கட்டினார். 1907ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட அது, கீழைத்தேயத்தை நினைவூட்டும் பைசாந்திய முறையில் அமைந்தது. கடோகன் மண்டபம் என்னும் பெயரோடு 2004ஆம் ஆண்டு முதல் இசையரங்காக விளங்குகின்றது. 1915ஆம் ஆண்டு சிஷோம் தமது 75ஆவது வயதிற் காலமானார்.

கட்டடங்களின் வாழ்க்கை அவற்றைக் கட்டியவரோடு முடிவதில்லை. 2012ஆம் ஆண்டு ஜனவரியிற் சேப்பாக்கம் அரண்மனையின் ஒரு பகுதியான கலச மகாலிலே தீப்பற்றியது. மரக்கூரை எரிந்து விழுந்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். எஞ்சிய சுவர்களை இடித்துவிடாது, பழைய சுண்ணாம்பு வேலையை மீண்டும் கைக்கொண்டு அதனை மீட்டெடுத்தனர். பல்கலைக்கழக மண்டபமும் பல்கலைக்கழகத்தின் 150ஆவது ஆண்டையொட்டிப் புதுப்பிக்கப்பட்டது.

எங்கள் நூல் நிலையமும் நெருப்பைக் கண்டது. 1981ஆம் ஆண்டு மே மாதத்தின் கடைசி இரவில் அது எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. நான் அப்பொழுது பள்ளிச் சிறுவன். புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில், நரசிம்மன் அமைத்த அதே வடிவத்திலே அது மீண்டும் எழுந்தது. எரிந்த நூல்களிற் பலவற்றை எவராலும் மீண்டும் எழுத இயலாது. ஆனால் சுவரையும் குவிமாடத்தையும் முன்போலவே எழுப்ப முடிந்தது. காரணம், அந்த வேலை அறிந்த கைகள் இன்னும் இருந்தன.

சென்னைக் கடற்கரைக்குச் செல்லும் நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். சேப்பாக்கம் அரண்மனையையும் பல்கலைக்கழக மண்டபத்தையும் மாநிலக் கல்லூரியையும் பார்த்தபின் வீதிக்கு அப்பால் மணற்புறத்தை நோக்குங்கள். பெரும் பாறை ஒன்றை நெம்பித் தள்ளும் நான்கு தொழிலாளரின் சிலை அங்கே நிற்கின்றது. உழைப்பாளர் சிலை எனப்படும் அது, எங்கள் நூல் நிலையம் திறக்கப்பட்ட அதே 1959ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதனை வடித்த சிற்பி தேவிபிரசாத் ராய் சௌத்ரி, ஒரு காலத்திற் சிஷோம் தலைமை தாங்கிய ஓவியப் பள்ளிக்குப் பின்னாளிலே தலைவராயிருந்தவர். அந்நால்வருக்கும் பெயர் இல்லை. ஆயினும் சிஷோமின் கட்டடங்களுக்கு எதிரே அவர்கள் நிற்பது பொருத்தமாகவே இருக்கின்றது.

அடுத்த முறை உங்கள் ஊரிலே ஒரு பள்ளிக்கூடமோ சனசமூக நிலையமோ கட்டப்படுமானால், அத்திவாரம் வெட்டும் நாளில் அங்கே சென்று, அவ்வூர் மேசனிடம் காற்று எந்தப் பக்கம் வீசும் என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடையை எழுதி, வரைபடம் வரைந்தவருக்கு அனுப்புங்கள். திறப்பு விழாக் கல்லிலே பெரியோர் பெயருக்குக் கீழே அந்த மேசனின் பெயருக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். நான் அன்று செய்யத் தவறியது அதுவே.